லூயிஸ் தீவின் இரண்டு நடுகற்கள்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் காற்று ஓயாமல் அறையும் தீவு லூயிஸ். வீட்டுக்கு வீடு கொஞ்சம் நிலம், சில ஆடுகள், மீன்பிடிப் படகு, பேச்சுக்குக் கேலிக் மொழி. முதல் உலகப் போரின்போது இங்கே முப்பதாயிரம் பேர்கூட இல்லை. அவர்களில் 6,000 பேருக்கு மேல் படைக்குப் போனார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரோடு திரும்பவில்லை.

அவர்களுக்காக 1924இல் ஸ்டோர்னவே நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் 85 அடிக் கற்கோபுரம் எழுப்பினார்கள். உச்சியில் நின்றால் தீவின் நான்கு வட்டாரங்களும் தெரியவேண்டும் என்று பார்த்துத் தேர்ந்த இடம் அது. எந்த ஊர்த் தாயும் தன் மகனுக்கு இடமில்லை என்று நினைத்துவிடக் கூடாதல்லவா!

ஆனால் இந்தத் தீவின் ஆறாத துக்கம் போர்க்களத்தில் நேர்ந்ததல்ல. போர் முடிந்து ஏழு வாரமாகியிருந்தது. 1918 டிசம்பர் 31 இரவு, விடுப்பில் வந்த கடற்படையினரை ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் கைல் துறைமுகத்திலிருந்து ‘யோலேர்’ கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய 280 பேர். படகுகளில் நூறு பேருக்குத்தான் இடம். மிதவைச் சட்டைகள் எண்பதுதான். புத்தாண்டு பிறந்து இரண்டு மணி ஆகுமுன், ஸ்டோர்னவே துறைமுகத்துக்கு மிக அருகே, ஹோம் முனைப் பாறைகளில் கப்பல் மோதியது. வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாற்று உடுப்பு எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

கரை எட்டிவிடும் தூரம். நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் எஃப். மெக்லவுட், கயிற்றோடு அலைக்குள் குதித்து நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் வரை பிழைத்தார்கள். 201 பேர் மாண்டார்கள். நான்காண்டுப் போரில் கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் தப்பியவர்கள், சொந்த ஊர் விளக்கு தெரியும் தொலைவில் போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் குதிரை வண்டிகள் சவப்பெட்டிகளுடன் ஊர் ஊராகப் போயின. உடல்கள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே சிதைந்த கப்பலை விற்பனைக்கு அறிவித்தது கடற்படைத் தலைமை. அதைப்போல ஈரமற்ற செயல் வேறில்லை. கப்பல் ஏன் வழி தவறியது என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை. அதன் அதிகாரிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதன்பின் தீவு வாய்மூடிக்கொண்டது. பிழைத்தவர்கள் பிள்ளைகளிடம்கூட அந்த இரவைப் பேசவில்லை. 1923இல் ‘மெட்டகாமா’ கப்பலில் இளைஞர்கள் முந்நூறு பேர் கனடாவுக்குப் போனபோது ஊர்கள் இன்னும் வெறிச்சோடின. ஹோம் முனையில் நினைவுக்கல் நட 1958 வரை ஆயிற்று. கோபுரத்துக்கு ஆறே ஆண்டு, இதற்கு முப்பத்தொன்பது. 2019 ஜனவரி 1 அன்று நூற்றாண்டு நினைவு நாளில் இளவரசர் சார்லஸ் வந்து மலர்வளையம் வைத்தார்.

ஸ்டோர்னவே போகிறவர்கள் பலரும் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஹோம் முனைக்கும் நடந்து போய்வாருங்கள். பாறைகள் கரையிலிருந்து எவ்வளவு பக்கம் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.