மீன் தொட்டிக்கு எந்த விளக்கு?

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கல்லூரியில் படிக்கும் பையனுக்கோ, வீட்டில் உயிர்ப்பவளத்தோடு கடல் மீன் தொட்டி வைக்கக் கொள்ளை ஆசை. "கரண்ட் பில் எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டேன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

பவளத்துக்குள் வாழும் நுண்ணிய பாசி, வெளிச்சத்தைக் கொண்டுதான் அதற்கு உணவு தயாரிக்கிறது. ஆகவே பலமான விளக்கு வேண்டும். 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு தினம் 10 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 90 யூனிட்! எல்.இ.டி. என்றால் குறையும், ஆனாலும் பவளத்துக்குச் சின்ன விளக்கு போதாது. தவிர, 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எடுத்ததை வாங்கி வைப்பதே குற்றம்.

பையன் முகம் வாடினாலும் புரிந்துகொண்டான். சென்னை கொளத்தூரில் நன்னீர் வண்ண மீன்கள் வாங்கி வந்தோம். மீனுக்கு நாம் பார்க்கிற அளவு வெளிச்சமே போதும். 12 வாட் எல்.இ.டி. தினம் 8 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 6 யூனிட்கூட ஆகவில்லை.

இளம் தாய்மார்களுக்குச் சில யோசனைகள்: வெயில் படும் ஜன்னலோரம் தொட்டி வேண்டாம், பாசி பிடிக்கும். குழந்தைக்கு ஒயர் எட்டக்கூடாது. தண்ணீரில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எதை வளர்ப்பது என்று முதலில் தீர்மானியுங்கள். விளக்கை அப்புறம் வாங்கலாம்.