வழுக்கும் சக்கரத்தின் அதிகாரம்

கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கும் மோட்டார் வண்டியின் பின் அச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் டெட்ராயிட் நகருக்கு அருகே வசிக்கும் நம் தம்பியின் வீட்டுக்குப் போகும் வரையில் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை என்பது வாஸ்தவமே.

தம்பியிடம் 1968-ம் வருஷத்துச் செவெல் எஸ்.எஸ். 396 வண்டி ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்கு 325 குதிரை சக்தி. வயதில் நம்மைவிட மூத்தது. தம்பியின் மனைவி அதை "மூத்தாள்" என்றே குறிப்பிடுவாள்.

இத்தனை பலம் பொருந்திய வண்டி ஒரு நாள் மழையில் நனைந்த புல்தரையில் அகப்பட்டுக் கொண்டது. பின் சக்கரங்களில் ஒன்று பேய் பிடித்தது போல் சுழன்றது. மற்றொன்று யோகி மாதிரி அசையாதிருந்தது. நாம் இறங்கித் தள்ளினோம். வேஷ்டியெல்லாம் சேறு.

அன்று மாலை தம்பி காரணத்தை விளக்கினான். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே டிபரன்ஷியல். ஆனால் சாதாரண டிபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான விசையையே கொடுக்கும். பிடிப்பில்லாத சக்கரத்தைச் சுழற்ற அற்ப விசை போதும். ஆகவே நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே அற்பந்தான். வழுக்குகிறவன் சட்டம் போடுகிறான்!

இந்த அநியாயத்துக்குப் பரிகாரம், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். அமெரிக்காவில் 1956-ல் பக்கார்டு வண்டிகளில் அது வந்தது. பிறகு செவர்லே 'பாஸிட்ராக்‌ஷன்' என்றும், கிரைஸ்லர் 'ஷூர் கிரிப்' என்றும் பெயரிட்டு விற்றார்கள். தம்பியின் வண்டியில் அது இல்லை. இப்போது ஒன்று வாங்கிப் பூட்ட வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் யுத்தம்.

வகை மூன்று. முதலாவது, கிளச்சுத் தட்டுகளைச் சுருள்வில் அழுத்திப் பிடிப்பது. பழைய வண்டிக்குப் பொருத்தமானது. ஆனால் தட்டு தேயும், எண்ணெயில் தனி மருந்து சேர்க்காவிட்டால் திருப்பத்தில் உறுமும். இரண்டாவது, சாய்ந்த பல்சக்கரங்களாலேயே வேலை செய்வது. சத்தமில்லை, தேயும் தட்டுமில்லை; ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதனால் பிரயோஜனம் குறைவு. மூன்றாவது 'டெட்ராயிட் லாக்கர்'. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். திருப்பத்தில் மட்டும் 'டக் டக்' என்று வெளிச் சக்கரத்தை விடுவிக்கும். பந்தயத்துக்கு அதற்கு மிஞ்சியதில்லை.

தம்பியின் மகனுக்கு வயது பத்தொன்பது. "பெரியப்பா, லாக்கர்தானே நல்லது? நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

"மழையில் எது நல்லது?" என்று கேட்டாள் அவன் தாயார்.

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, உங்களிடம் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு முன் சிநேகிதன் ஒருவனுடைய வண்டியை ஓட்டினேன். பின் அச்சைப் பூட்டி வைத்திருந்தான். ஈர ரஸ்தாவில் சற்று அழுத்தி மிதித்தேன். சாதாரண வண்டியானால் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்துக் கொண்டிருக்கும். அன்று இரண்டும் சேர்ந்து வழுக்கின. வண்டியின் பின்புறம் துடைப்பம் போல் வீசித் திரும்பியது. எதிரே வந்த லாரிக்கு நாலடி தூரத்தில் நின்றேன்" என்றான்.

பையன் லாக்கர் விளம்பரத்தை மடித்து வைத்தான். நம் தீர்ப்புக்கு அவசியமே ஏற்படவில்லை.

பல்சக்கர வகையையே வாங்கினார்கள். பூட்டிய பிறகு அதே ஈரப் புல்தரையில் சோதித்தோம். வண்டி சாதுவாக நகர்ந்து வெளியே வந்தது. "இதுவும் மழையில் பின்புறம் வீசக் கூடியதுதான், எச்சரிக்கை காலில் இருக்க வேண்டும்" என்று தம்பி மகனுக்குச் சொன்னான்.

பையன் தலையை ஆட்டிவிட்டு மெதுவாகக் கிளப்பினான். அன்றுதான் முதல் தடவையாக அவன் தாயார் மூத்தாளின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.