பத்தியம் பழியாகலாமா?

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வழங்கும் வேளையில் மக்களின் விழிகள் அப்பத்தின்மேல் நிலைத்திருக்கும். நம் மனமோ சில ஆண்டுகளாக நம் விரல் நகங்களையே எண்ணிக் கூசியது. ஊசிமுனையால் குத்தியவை போன்ற சிறு குழிகள்; நுனி மஞ்சளித்துச் சதையை விட்டு எழும்பிய நகங்கள். முழங்கைகளில் வெள்ளிய செதில் படர்ந்த செந்தடிப்புகள். விடியற்காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுக்கும். அங்கியின் பொத்தான்களை மாட்டி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும்.

மருத்துவர் இதனைச் சொரியாசிஸ் என்றார். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தடம் மாறித் தோலையும் மூட்டையும் தாக்குவதால் வருவது இது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல், இந்நோயில் சில நாட்களிலேயே பெருகி உதிர்கிறது. தொட்டால் ஒட்டாது; தொழுநோயும் அன்று. லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தில், தோல் நோயைப் பார்த்துத் தீட்டா இல்லையா என்று முடிவு கூறும் பொறுப்பு குருக்களிடம் இருக்கிறது. அங்கே கூறப்படுவது ஒரே நோயன்று, பல தோல் நோய்களை அடக்கிய பொதுப்பெயர் என்பர் விவிலிய அறிஞர். அதை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குருவாகவும் அந்த நோயாளியாகவும் நாமே நிற்பதாகத் தோன்றும்.

குருமட நாட்களிலிருந்தே நோன்பு நமக்குப் பழகியது. ஆகவே ஒரு தவக்காலத்தில், உணவாலேயே இந்நோயை வென்றுவிடுவது என்று உறுதி பூண்டோம். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் விலக்கினோம், சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்களையும் கூட்டினோம், மாலையில் நடந்தோம். பருத்திருந்த உடல் மெலிந்தது, தடிப்புகள் அடங்கின. மருத்துவர் தந்த வாராந்தர மாத்திரையையும் அதே நாட்களில் விடாது உட்கொண்டு வந்தோம் என்பதை மட்டும் வசதியாக மறந்தோம். "வாயைக் கட்டினால் நோய் ஓடிவிடும்" என்று காண்போரிடமெல்லாம் கூறத் தொடங்கினோம்.

நம் பங்கில் ஓர் இளைஞர், தையல் தொழிலாளி. அவருக்கும் இதே நோய். நம் சொல்லை வேதவாக்காகக் கொண்டு கோதுமை, பால், முட்டை, மீன், கத்தரிக்காய் என ஒவ்வொன்றாக நிறுத்தினார். நமக்குத் தெரியாமல் மாத்திரையையும் நிறுத்தினார். மூன்று மாதங்களில் விரல்கள் வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க இயலாமற்போயிற்று. அவரைக் கண்டபோது, "ஏதாவது சாப்பிட்டுவிட்டாயோ?" என்பதே நம் வாயிலிருந்து வந்த முதற்சொல். அவர் தலைகுனிந்து, "சாமி, நான் வாயைக் கட்டலைன்னு நினைக்கிறீங்களா? கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொடலை சாமி" என்றார். அவர் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்நேரத்தில் நமக்கு உண்டான வெட்கம் நகங்களால் உண்டானதைவிடப் பெரிது.

அன்றே அவரை மூட்டு நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாக விளக்கினார். "உங்களுக்கு எடை மிகுதி, சாமி. மிகையான கொழுப்பு அழற்சியைத் தூண்டும். எடை குறைந்தால் மருந்தும் நன்றாக வேலை செய்யும், முழங்காலின் சுமையும் குறையும். இந்தத் தம்பியோ முன்னமே மெலிந்தவர். பட்டினியால் இவருக்கு என்ன கிடைக்கும்?" என்றார். இந்நோயாளிகளுக்குரிய உணவைப் பற்றி அமெரிக்க வல்லுநர்கள் 2018இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே கூறுகிறது: எடை மிகுந்தோர் உணவைக் குறைத்து எடையைக் குறைப்பது நலம், கோதுமையிலுள்ள குளூட்டனை விலக்குவதோ, அது ஒவ்வாதென இரத்தப் பரிசோதனை காட்டுவோருக்கே உரியது. மதுவும் புகையும் இந்நோய்க்குப் பகை என்பதில் ஐயமில்லை.

இன்னொரு செய்தியும் அறிந்தோம். அந்த வாராந்தர மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை 1940களில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. அச்சத்துக்கு எதிராகச் செயல்படும் இம்மருந்தும் அக்குழுவின் உழைப்பிலேயே பிறந்தது. இவ்வகை மருந்து சொரியாசிஸைத் தணிப்பது 1951இல் அறியப்பட்டது. இன்றும் இம்மாத்திரையின் பக்கவிளைவுகளைக் குறைக்க மருத்துவர்கள் ஃபோலிக் அமிலத்தையே சேர்த்துத் தருகிறார்கள். உணவும் மருந்தும் பகைவரல்லர்; ஒரே குடும்பத்தார்.

ஆதலால் இந்நோயுற்ற அன்பர்களுக்குச் சில சொற்கள். நகத்தில் குழிகள் தோன்றினால் மூட்டுகளையும் கவனியுங்கள். காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் தாமதியாதீர்கள். மூட்டு ஒருமுறை சிதைந்தால் மீள்வது அரிது. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்குவது உயிருக்கே ஆபத்து. கருவுற்றிருப்போரும் குழந்தையை எதிர்நோக்குவோரும் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். பத்தியம் இருக்க விரும்பினால் அதையும் மருத்துவரிடம் சொல்லியே தொடங்குங்கள். கைவிரல் நகம் முழுதும் புதிதாய் வளர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். அதுவரை பொறுமையே சிறந்த பத்தியம்.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை. நாமோ, என்ன தின்றாய் என்று கேட்டு அதே கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடுகிறோம்.

அந்த இளைஞர் மீண்டும் தைக்கிறார். ஒரு விரல் மட்டும் நிமிரவே இல்லை. வீட்டார் உண்பதையே அவரும் அவர்களோடு அமர்ந்து உண்கிறார். மாத்திரை நாளைச் சுவர் நாட்காட்டியில் அவர் தாயார் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறார். கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் அங்கியைத் தைத்துத் தந்தவர் அவரே. அதன் பொத்தான்களைச் சற்றுப் பெரியனவாக அமைத்திருந்தார். காரணம் கேட்டோம்; சிரித்தாரேயன்றிக் கூறவில்லை. கேட்க வேண்டிய தேவையும் நமக்கு இருக்கவில்லை.