கைத்திறனுக்கும் ஒரு சான்று

பரீட்சையில் தவறிய மாணவனொருவனை, "நீ மேசன் வேலைக்குத்தான் போவாய்" என்று யாம் ஒருகாற் கடிந்ததுண்டு. அச்சொல்லை நினைக்குந்தோறும் இன்று நாணுகின்றோம்.

அவன் அத்தொழிலையே கைக்கொண்டான். பத்தாண்டு சென்றபின் விண்ணப்பப் படிவமொன்றுடன் எம் இல்லம் வந்து, "சேர், இதைப் பிழையில்லாமல் நிரப்பித் தாருங்கோ" என்றான். பயிற்சி நிலையஞ் செல்லாது பட்டறிவாற் கைவந்த தொழிலையும் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறைக்கான படிவம் அது. 2004 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று ஏழு மட்டங்களாக அமைந்த இத்தகைமை, ஒருவன் எங்கே படித்தான் என்று கேளாது, என்ன செய்ய வல்லான் என்றே கேட்கின்றது. மதிப்பீட்டாளர் முன்னிலையில் அவன் சுவரெழுப்பிக் காட்டினான், தூக்குக்குண்டு பிசகவில்லை. சான்றிதழும் பெற்றான். எமது வினாத்தாள் காணாத திறனை அச்சுவர் காட்டிற்று.

1972 இற் பாடசாலைகளிற் புகுத்தப்பட்ட தொழில்முன்னிலைப் பாடங்கள் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. 2017 இல் உயர்தர வகுப்பிலே தொழிற்பாடத்துறை தொடங்கப்பெற்றது. திட்டங்கள் திருந்தினும் எம்போன்ற ஆசிரியரின் நாத் திருந்தாவிடின், அதுவும் தவறியோர் வகுப்பென்றே இகழப்படும்.

திறன் வேலைத்தலத்திலேயே முற்றும். ஆதலின், தொழில் நடத்தும் பழைய மாணவ அன்பர்காள்! ஆண்டுக்கு ஒரு பயிலுநரையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாமும் எம் நாவைக் காத்துக்கொள்வோம்.