அண்மையிற் படித்த நூல்கள்

படித்ததைப் பற்றி எவருடனேனும் உரையாடாவிடின் எனக்கு அது செரிப்பதில்லை. ஆடியமாவாசைக் கூட்டம் கலைந்து, கீரிமலைக் கேணியடி மீண்டும் ஊரவர்க்கே உரியதாகிய விடுமுறை நாட்களில் நான்கு நூல்களைப் படித்து முடித்தேன். அவை பற்றி நேயர்களுடன் சிறிது பேச விழைகின்றேன்.

முதலாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 இல் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கி, 1942 இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல் இது. ஏடு தேடிய வரலாற்றுக்காகவே பலரும் இதனைப் புகழ்வர். என்னைக் கவர்ந்ததோ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்ட பகுதியே. ஆசிரியத் தொழில் புரிவோர் அதனைப் படித்தபின் மறுநாள் வகுப்பறையினுள் நுழையச் சற்றுக் கூசுவர்.

அந்நூலில் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் வருகின்றார். ஐயரின் கண்கொண்டு மாத்திரம் அவரைக் காண்பது நீதியன்று எனத் தோன்றவே, பிள்ளையவர்களின் பதிப்புரைகளை எடுத்தேன். பதிப்புரை என்பது நாமெல்லாம் புரட்டிவிட்டு அப்பாற் செல்லும் பகுதியன்றோ? 1887 இல் வெளிவந்த கலித்தொகைக்கு அவர் எழுதியதைப் படித்துப் பாருங்கள். கை பட்டால் உதிரும் ஏடுகளை அவர் வருணிக்கும் இடம், எந்தச் சோகக் கதைக்கும் இளைத்ததன்று. 1990 இல் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது புத்தக அலுமாரியை அப்படியே விட்டுச் சென்ற குடும்பம் எங்களுடையது. ஆதலின் அது எனக்குப் பழங்கதையாகப் படவில்லை.

மூன்றாவது, அளவெட்டிக் கவிஞர் மஹாகவியின் 'குறும்பா' (1966). ஆங்கிலத்து லிமரிக்கைத் தமிழ் யாப்பில் இறக்கிய வேடிக்கைப் பாக்கள். ஒரே மாலையிற் படித்தேன், சிரித்தேன். சில பாக்களில் நகைச்சுவை வலிந்து வருவதும் உண்டு.

நான்காவதே என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது: கே. டானியலின் 'பஞ்சமர்' (1972). ஆலயத்துள்ளும் தேநீர்க்கடையுள்ளும் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டமே இந்நாவலின் பொருள். கலையழகு நோக்கின் குறை சொல்ல இடமுண்டு. தீயவர் முற்றுந் தீயவராய், நல்லவர் முற்றும் நல்லவராய் நிற்கின்றனர். ஆயினும் அம்மக்களின் பேச்சும், பசியும், அடுத்தவன் முற்றத்தில் நிற்கும்போது உடல் கொள்ளும் குறுக்கமும் அறிந்தவன் எழுதியவை. அதனை நம் வீடுகளில் ஒளித்து வைப்பது தகாது என்பதே என் துணிபு.

என் மகள் உயர்தர வகுப்பு மாணவி. சிலபக்கங்கள் படித்துவிட்டு, "அப்பா, இப்பிடி எங்கட மாவிட்டபுரத்திலயும் நடந்ததோ?" என்றாள். "ஓம் பிள்ளை" என்றேன். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. பதினோராண்டு கழித்து, 1968 இல், இங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய அக்கோயில் வாயிலில், உட்செல்ல வேண்டி மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். மறித்து நின்றோரும் தமிழரே.

"அப்ப எங்கட ஆக்கள் எங்க நிண்டவை?"

நான் பிறக்குமுன் நடந்தது அது. விடை சொன்னவர் என் தாயார். "நாங்கள் உள்ளுக்கு நிண்டனாங்கள், பிள்ளை."

தாயாருக்கு இப்போது கண்பார்வை மங்கல். அன்று தொட்டு மாலைதோறும் பேர்த்தி உரக்க வாசிக்க, அவர் கேட்டிருக்கின்றார். தண்ணீர் வார்க்கும் பேச்சு வந்த இடத்தில் வாசிப்பை நிறுத்துவித்து, எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடி வேலியில் அயலாருக்கெனச் செருகியிருந்த சிரட்டை எப்பக்கம் இருந்தது என்பதைக் கையாற் காட்டினார்.