காத்திருந்தவர்



டாலாவில் நமக்குக் கால்பந்துதான் உயிர். ஆனாலும் பன்சோடான் படகில் டியூட்டிக்குப் போகும் நர்ஸ்களான நாங்கள், 2019 உலகக் கோப்பைக்கான இந்தியக் கிரிக்கெட் அணியைப் பற்றி இன்னும் வாக்குவாதம் செய்கிறோம்.

அந்த ஏப்ரல் 15 அன்று 15 பேரை அறிவித்தார்கள். 55 ஒருநாள் ஆட்டங்களில் சராசரி 47 வைத்திருந்த அம்பத்தி ராயுடுவுக்கு இடமில்லை. 9 ஆட்டங்களே ஆடியிருந்த தமிழ்நாட்டு விஜய் சங்கருக்கு இடம் கிடைத்தது. பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றும் வரும் என்பது தேர்வுக்குழு சொன்ன காரணம்.

அது எங்களுக்குப் புரிகிறது. இரவு வார்டில் இரண்டே பேர் என்றால், எல்லா வேலைக்கும் கைகொடுப்பவள்தான் வேண்டும். உலகக் கோப்பையில் தாம் வீசிய முதல் பந்திலேயே விஜய் சங்கர் விக்கெட் எடுத்தாரே!

எங்களை உறுத்துவது வேறு. ராயுடு காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். ஷிகர் தவான் காயப்பட்டதும் ரிஷப் பண்ட் போனார். விஜய் சங்கருக்குக் கால்விரலில் அடிபட்டதும், அந்தப் பட்டியலிலேயே இல்லாத மயங்க் அகர்வாலை அழைத்தார்கள். அதே வாரம் ராயுடு ஓய்வை அறிவித்தார்.

எல்லாரையும் சேர்க்க முடியாது. ஆனால் "ஆன் கால்" என்று பெயர் போட்டுவிட்டால், ஆள் குறையும்போது முதலில் அவளைத்தான் கூப்பிடுவோம். முடியாவிட்டால் ஏன் என்று நேரில் சொல்லுவோம்.

நம் வாலிபர் அணிக்குப் பதினொரு பேரைப் பொறுக்கும்போது, பன்னிரண்டாவது தம்பியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.