அம்மாவுக்கு மூணு பேர்

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டால், சொன்ன கிலோ வந்ததா, முழு நாளையும் செக்ரோலில் பதிந்தார்களா என்று அர்த்தம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மழை மாதங்களில் அம்மா இடுப்புப் படங்கை அவிழ்த்துக்கொண்டே "அரைப் பேருதான்" என்று சொல்வது சின்ன வயதில் எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டி எடுத்துக்கிட்டாங்க போல.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். எழுதுவது அக்காதான். ஆனால் இந்த வீட்டில் எதையும் ஒருத்தர் தனியாகச் செய்து பழக்கமில்லை. தம்பி சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். அக்கா கலைப்பீடத்துக்குப் போனாள். ரெண்டும் ஒரே வருஷத்தில் நடந்தது தற்செயல் இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பசறையிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகம் ரொம்பத் தூரமும் இல்லை. தோட்டத்துக்குக் கீழே போகிற ரோடு ஏ5. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை தாண்டி பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் முடிகிறது. ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம், மறுமுனைக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவில் நாங்க. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு கலைப்பீடத்தில் இறக்கி விடுவாங்க என்று தம்பி கிண்டல் பண்ணுவான். நமுனுகுல மலை பின்னால் மறைய மறைய வெயில் ஏறும். பிபிலை வரும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும்.

கெம்பஸ் நூலகத்தில்தான் தெளிவத்தை ஜோசப்பை முதலில் வாசித்தோம். எங்க மாவட்டத்து ஆள். 1934இல் பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, வேலை பார்த்த தோட்டத்தின் பேரைத் தன் பேருக்கு முன்னால் தானே போட்டுக்கொண்டவர். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். 2022இல் காலமானார். அவருடைய 'மீன்கள்' கதை, லயக் காம்பிராவின் நெருக்கடி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதைப் பற்றியது. விடுமுறையில் அதைப் போட்டோ கொப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம், அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்று. வாசிக்க முடியவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, தம்பி ஒரு மூலையில் படுத்திருக்கிறான், அடுத்த காம்பிராவில் இருமுவது கூட இங்கே கேட்கும். சத்தமாக வாசிக்க முடியாமல் போன காரணமும் கதை சொல்கிற காரணமும் ஒன்றுதான். அம்மா அதை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் வாசிப்பு என்றால் இதில்லை. கெம்பஸ் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கு என்று தெரிந்தால் லயத்தில் உள்ளவங்க சிங்களக் கடிதங்களோடு இஸ்தோப்புக்கு வந்து விடுவாங்க. பேங்க் கடிதம், கிளினிக் கார்டு, அடகுச் சீட்டு. "தங்கச்சி, இதுல என்னா எழுதியிருக்குனு கொஞ்சம் பாரேன்." அக்காவுக்குச் சிங்களம் எழுத வாசிக்க வரும், பேசப் போனால் திக்கும். தம்பிக்குக் கடையில் நின்று நின்று பேச்சு தண்ணி மாதிரி ஓடும், எழுத்து வராது. ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு படிச்ச ஆள்.

அந்தப் படிச்ச ஆளுக்கு இந்த வருஷம் வந்த பெரிய வேலை அம்மாவின் சேமலாப நிதி. சம்பளத்தில் எட்டு வீதம் அம்மாவிடம் பிடிப்பார்கள், பன்னிரண்டு வீதம் தோட்டம் போட வேண்டும். பெண்கள் ஐம்பது வயதில் வேலையை விட்டு நின்றால் அந்தப் பணத்தைக் கேட்கலாம், ஆண்கள் ஐம்பத்தைந்தில். அம்மாவுக்கு ஐம்பது ஆகிறது. முழங்கால் போய்விட்டது. ஏத்தத்தில் கூடையோடு ஏறும்போது பக்கவாட்டில் திரும்பித் திரும்பித்தான் ஏறுகிறார்.

'கே' படிவத்தை நிரப்ப உட்கார்ந்த இரவுதான் அம்மாவுக்கு மூன்று பேர் என்று கண்டுபிடித்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று. லெட்சுமி என்கிற ஒரு பேரை லெச்சிமி, லட்சுமி, லக்ஷ்மி என்று எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள், அந்த மாதிரி. (அது அம்மாவின் பேர் இல்லை. அம்மாவின் பேரை இங்கே எழுதலாமா என்று கேட்டோம், "எந்தப் பேர எழுதுவ?" என்றார்.) பிறப்பைப் பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது, பதியப் போன தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. செக்ரோலில் பேர் ஏற்றினவருக்குக் கட்டம் சின்னதாக இருந்திருக்கும்.

பாட்டி கடுதாசி விஷயத்தில் ஏன் அப்படிப் பயந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்க ஆட்களுக்கு ஒரு துண்டுக் கடுதாசிதான் நாடு. 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். பாட்டியின் தங்கச்சி குடும்பம் அந்தக் கணக்கில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனது. அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். பாட்டி சாகும்வரை தகரப் பெட்டியைப் பூட்டித்தான் வைத்திருந்தார். சாவி இடுப்பில். உள்ளே நகை ஏதாவது இருக்கும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

பேர் திருத்துவது ஒரு சிக்கல் என்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. அம்மா நின்றால் இந்தக் காம்பிரா? வீட்டிலிருந்து ஒருத்தராவது மலைக்குப் போனால்தான் காம்பிரா நிலைக்கும் என்பது லயத்தில் எல்லாரும் சொல்வது. எழுதி வைத்த சட்டமா, வெறும் பேச்சா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஆனால் பக்கத்து அத்தை நின்றபோது அவருடைய மருமகள் அடுத்த மாதமே பெரட்டுக்குப் போனதைப் பார்த்தோம். சம்பளம் 2021இல் ஆயிரமானது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது, கூடவே கிலோவும் ஏறியது. அந்தப் பிள்ளை உயர்தரம் வரைக்கும் படித்தவள்.

அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். ரொட்டி தட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல். "நீ கொழுந்து எடுக்க வேணாம். அவனும் வர வேணாம். நான் இன்னும் ரெண்டு வருஷம் போறேன்." தம்பி போனில் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மொதல்ல பேரச் சரி பண்ணுவோம்மா, நிக்கிறதா இல்லையானு பொறவு பாப்போம்" என்றான். அதுதான் சரி என்று பட்டது. பணம் கைக்கு வரும் நிலையில் இருந்தால் நிற்பதும் நிற்காததும் அம்மாவின் முடிவு. இல்லாவிட்டால் அது முழங்காலின் முடிவு.

மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும், தோட்ட ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். கிராம சேவகர் கடிதம் கிடைத்துவிட்டது. மற்ற ரெண்டுக்கும் வருகிற செவ்வாய்க்கிழமை. தம்பி திங்கள் இரவு பஸ்ஸில் ஏறுவான், கடையில் ஒரு நாள்தான் லீவு. பேச வேண்டியதை அவன் பேசுவான், எழுத வேண்டியதை நாங்கள் எழுதி வைத்துவிட்டோம். அம்மா கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறார், பழைய கொப்பியின் பின்பக்கத்தில், அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே.

"செவ்வாக்கெழம நான் கட்டாயம் வரணுமா?" என்று நேற்றும் கேட்டார். கட்டாயம் வரணும் என்றோம்.

"அப்ப அன்னைக்குப் பேர் போயிரும்."